கிராதி என்னும் சொல்

செங்கோட்டு மலையின் நிழலில் பிறந்து, அந்நிழலிலேயே தொழிலும் கல்வியும் வளர்த்துவரும் நகரத்து நண்பர்களே!

திருச்செங்கோடாகிய இவ்வூருக்குத் திருஞானசம்பந்தர் காலத்தில் வழங்கிய பெயர் கொடிமாடச் செங்குன்றூர் என்பதை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தம்முடன் வந்த அடியார்கள் குளிர்சுரத்தால் வருந்தியபோது, திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுப் பாடி அந்நோயை அவர் ஓட்டிய தலம் இது. கொடிகள் அசைகின்ற மாடங்களைத் தன் பெயரிலேயே தாங்கிய ஊர் இது. மாடம் என்றால் அதற்கு விளிம்பு உண்டு. விளிம்பு என்றால் அங்கே ஒரு தடுப்பு வேண்டும். தடுப்பில்லாத மாடத்தில் கொடியேற்றப் போனவன், கொடி மேலே ஏறுமுன் தான் கீழே இறங்கியிருப்பான். ஆகவே, மாடத்து விளிம்பைப் பற்றியும் அதற்கு நம்மவர் இட்ட பெயரைப் பற்றியும் பேசுவதற்கு இவ்வூரைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை என்று துணிந்து, இன்றைய என் சொற்பொழிவுக்குக் 'கிராதி' என்னும் ஒரே சொல்லைப் பொருளாக எடுத்துக்கொண்டேன்.

கிராதி என்பது யாது? வீட்டுத் திண்ணையின் ஓரத்திலும், மாடிப்படியின் பக்கத்திலும், மெத்தை வீட்டின் முகப்பிலும், மரச்சட்டங்களையோ இரும்புக் கம்பிகளையோ ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, அவற்றின் தலைமேல் ஒரு நீண்ட கட்டையைச் சூட்டி, காற்றும் வெளிச்சமும் கண்ணும் புகுமாறும் கால் மட்டும் புகாதவாறும் அமைத்த தடுப்பே கிராதி. சுவர் எல்லாவற்றையும் மறைக்கும். வெளி எதையும் மறைக்காது. இரண்டுக்கும் நடுவே நின்று, வேண்டியதை விட்டு வேண்டாததைத் தடுப்பது கிராதி. அந்தத் தடுப்பிலே பூவையும் கொடியையும் புள்ளையும் வரைந்து பார்த்தது மனிதனுடைய மனம்.

சொல் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விக்கு நம்மிடையே உடனே விடை சொல்வோர் சிலர் உண்டு. வடமொழி பயின்ற நண்பர் ஒருவர், "கிராதன் என்றால் வேடன், கிராதி என்றால் வேட்டுவப் பெண், உமாதேவி, வேடன் மிருகங்களை மறிக்கக் கட்டிய அடைப்பே கிராதி ஆயிற்று" என்று நொடிப்பொழுதில் ஒரு புராணத்தையே படைத்துவிட்டார். அர்ச்சுனனோடு வில்லெடுத்துப் போர்புரிந்த வேடமூர்த்தியின் வரலாற்றை இந்தத் தடுப்போடு முடிச்சுப் போடுவது கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால், இனிமையாக இருப்பதெல்லாம் உண்மையாக இருக்கவேண்டும் என்ற நியதி சொல்லாராய்ச்சியில் இல்லை. ஒலி ஒத்ததனாலேயே இரு சொற்கள் உறவாகிவிட மாட்டா.

உண்மை வரலாறு மலையிலிருந்து வரவில்லை, கடலிலிருந்து வந்தது. 1498-ஆம் ஆண்டில் வாஸ்கோட காமா கோழிக்கோட்டுக் கரையில் இறங்கிய பின்னர், போர்த்துக்கீசியர் சாந்தோமிலும் நாகப்பட்டினத்திலும் முத்துக்குளித்துறையிலும் குடியேறினார்கள். அவர்கள் கொண்டுவந்த சரக்குகளில் பல இன்று மறைந்து போயின. அவர்கள் கட்டிய கோட்டைகளில் பல இடிந்து போயின. ஆனால் அவர்கள் விட்டுச்சென்ற சொற்களோ நம் வீட்டுக்குள்ளேயே குடித்தனம் செய்கின்றன. ஜன்னலைத் திறக்கிறோமே, அது அவர்களுடைய சொல். கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகுகிறோமே, அந்தச் சாவியும் அவர்களுடைய சொல். துணி வைக்கும் அலமாரியும் அவர்களுடையதே, எழுதும் மேசையும் அவர்களுடையதே. இந்த வரிசையிலே வந்து நிற்பதுதான் கிராதி. போர்த்துக்கீசிய மொழியிலே 'கிராதெ' என்று ஒலிக்கும் சொல், கம்பியடைப்பையும் சட்டக வேலியையும் குறிக்கும். தமிழ் நாவிலே அது கிராதி ஆயிற்று.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வந்த சொற்கள் எவை? தத்துவச் சொற்களா? காவியச் சொற்களா? அல்ல. ஜன்னல், சாவி, அலமாரி, மேசை, கிராதி, எல்லாம் தச்சன் கைப்பட்ட பொருள்களின் பெயர்கள். அயலான் ஒருவன் வீடு கட்ட வேண்டுமென்றால் உள்ளூர் ஆசாரியை அழைக்க வேண்டும்; ஆசாரிக்குத் தனக்கு வேண்டியதைச் சொல்ல வேண்டும்; சொல்லும்போது தன் மொழிப் பெயரைச் சொல்வான்; ஆசாரி அதைத் தன் நாவுக்கேற்ப வளைத்துக்கொண்டு, மறுநாள் அடுத்த வீட்டுக்காரரிடம் அதே பெயரால் கூலி பேசுவான். மன்னர்களின் ஆணையால் பரவாத சொல், இப்படி உளியோடும் இழைப்புளியோடும் ஊர் ஊராக நடந்து பரவிற்று என்றுதான் நான் கருதுகிறேன்.

ஆலயத்தின் வழியாகவும் அது பரவிற்று. கத்தோலிக்க ஆலயங்களிலே குருவானவர் நிற்கும் பீடத்தையும் மக்கள் இருக்கும் இடத்தையும் பிரித்து நின்ற தடுப்புக்குக் கிராதி என்றே பெயர். அந்தக் கிராதியருகே வரிசையாக முழந்தாளிட்டு நற்கருணை என்னும் நன்மை வாங்குவது அவர்களுடைய வழக்கமாக இருந்தது. 1962 முதல் 1965 வரை ரோமாபுரியில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின்னர் வழிபாட்டு முறைகள் மாறவே, பல ஆலயங்களில் அந்தத் தடுப்பை எடுத்துவிட்டார்கள். பொருள் போனாலும், அந்த ஆலயங்களின் மூத்த தலைமுறையினரிடம் சொல் போகவில்லை.

அன்பர்களே! போர்த்துக்கீசியரோடு கதை நின்றுவிடவில்லை. அவர்களுக்கு அந்தச் சொல்லைக் கொடுத்தவர் யார்? இலத்தீன் பேசிய பழைய ரோமர். ரோமருடைய மொழியிலே 'கிராத்தெஸ்' என்றொரு சொல் உண்டு. அதற்கு என்ன பொருள் தெரியுமா? அரண்மனை மாடத்தின் அலங்காரத் தடுப்பு அன்று. பொன் பூசிய கம்பி அன்று. சலவைக்கல் தூண் வரிசையும் அன்று. வளாரையும் குச்சியையும் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, ஆட்டை மறிப்பதற்கு வைக்கிற படல்! கொங்கு நாட்டுப் பெருமக்களே, நன்றாகக் கேளுங்கள்: படல்!

படல் என்ற சொல்லை உங்களுக்கு விளக்கத் துணிபவன் கொல்லன் தெருவில் ஊசி விற்பவனே. ஆயினும், நகரத்திலேயே பிறந்து வளர்ந்த இளைஞர்கள் சிலர் இங்கே இருப்பதனால் ஒருவாறு சொல்லுகிறேன். மூங்கிலைப் பிளந்து சிம்புகளாக்கி, ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவாக நிறுத்தி, ஒன்றின் முன்னும் அடுத்ததன் பின்னுமாக வளாரை ஓட்டி இறுக்கிப் பின்னுவார்கள். பின்னி முடித்த படல் ஒருவன் தோளில் தூக்கிச் செல்லும் கனமே இருக்கும். அறுவடை முடிந்த காட்டிலே அத்தகைய படல்களை வட்டமாக நிறுத்தி, ஒன்றையொன்று கயிற்றால் பிணைத்துவிட்டால் பட்டி ஆயிற்று. இரவெல்லாம் ஆடுகள் அதற்குள்ளே அடைந்து கிடந்து நிலத்துக்கு எரு இடும். விடிந்ததும் படலைப் பெயர்த்து அடுத்த வயலில் நட்டுக்கொள்ளலாம். காங்கேயத்துப் பக்கம் கொறங்காட்டைச் சுற்றிக் கிளுவை வேலி இட்டு, ஆடுமாடுகளை உள்ளே மேயவிடுகிறார்களே, அது நிலைத்த வேலி. படலோ நடமாடும் வேலி. ரோமாபுரியின் இடையனும் இதையேதான் செய்தான். வெர்ஜில் என்னும் அவர்களுடைய மகாகவி உழவுத் தொழிலைப் பற்றி ஒரு நூல் செய்தார். கலப்பையையும் ஏனைய கருவிகளையும் அடுக்கிச் சொல்லும் இடத்திலே, குச்சி பின்னிய இந்தக் கிராத்தெஸையும் மறவாமல் வைத்தார். போர்த்துக்கீசிய மொழியிலே இன்றைக்கும் 'கிராதெ' என்றால் கம்பியடைப்பு மட்டுமன்று. உழுத கட்டிகளை உடைக்கும் பற்கள் பொருந்திய கருவிக்கும், நம் பக்கத்துப் பலுகுக்கும், அதே பெயர்தான்.

அரண்மனை முகப்பிலே வெள்ளி முலாம் பூசிப் பளபளக்கிற கிராதியின் குலத்தைத் தோண்டிப் பார்த்தால், அடியிலே ஆட்டுப்பட்டி இருக்கிறது. இதனால் அதற்கு இழிவா? என் அபிப்பிராயத்தில் இதுவே அதற்குப் பெருமை. காவலுக்குப் பிறந்த பொருள், காலப்போக்கிலே கலைக்கு உரியதாயிற்று.

ரோமருக்கு இன்னொரு சொல்லும் உண்டு. குறுக்கும் நெடுக்குமாகச் சட்டம் அடித்த சிறு தடுப்புக்குக் 'கான்செல்லி' என்று பெயர். நீதிமன்றத்திலே அந்தத் தடுப்பின் அருகே நின்று, வருவோர் போவோரைக் கவனித்த ஊழியனைக் 'கான்செல்லாரியுஸ்' என்றார்கள். அந்தக் கதவோரத்துச் சேவகனுடைய பெயர்தான் படிப்படியாக உயர்ந்து, மந்திரிகளுக்கு ஆகி, இறுதியில் பல்கலைக்கழகத்துச் சான்சலர் வரையில் போயிற்று. எழுதியதை வேண்டாமென்று குறுக்குக் கோடுகள் இழுத்து அடித்தால், அந்தக் கோடுகள் கம்பித் தடுப்புப்போல் தோன்றும் அல்லவா? அதனால் அடித்துவிடுவதற்கும் அதே பெயர் வந்தது. பஸ் டிக்கெட்டைக் கேன்சல் செய்தேன் என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம், அறியாமலே ஒரு கிராதியை எழுப்பி நிறுத்துகிறீர்கள்!

இவ்வளவும் கேட்ட பிறகு, தனித்தமிழ்ப் பற்றுள்ள நண்பர்கள் என்னைப் பார்த்து, "ஐயா, அயலான் வருமுன் தமிழன் தடுப்பே இல்லாமலா வாழ்ந்தான்? அவனிடம் அதற்கொரு சொல் இல்லையா?" என்று கேட்பது நியாயமே. உண்டு. அளி என்பது அந்தச் சொல். நம் அகராதிகளிலே அளி என்ற சொல்லுக்குரிய பல பொருள்களில் ஒன்றாகக் கிராதியையே எழுதி வைத்திருக்கிறார்கள். அளி என்றால் அருள், அளி என்றால் வண்டு என்று படித்தவர்களுக்கு எல்லாம் தெரியும். மரச்சட்டம் பாய்ச்சிய தடுப்பும் அளிதான் என்பது ஆசாரிகளுக்குத் தெரியும். பண்டிதர் மறந்ததைப் பணியாளர் காப்பாற்றினார்.

சொல்லை விட்டுப் பொருளைத் தேடினாலோ, நாம் இன்னும் பல நூற்றாண்டுகள் பின்னே போகவேண்டும். தூபிகளைச் சுற்றிப் பௌத்தர்கள் எழுப்பிய கல் வேலிக்கு வேதிகை என்று பெயர். சாஞ்சியிலே பெரிய தூபியைச் சூழ்ந்து ஏறத்தாழ பத்தடி உயரத்துக்கு அந்த வேலி இன்றைக்கும் நிற்கிறது. 1873-ஆம் ஆண்டில் கன்னிங்ஹாம் என்ற ஆராய்ச்சியாளர் பர்ஹூத் என்னுமிடத்தில் மற்றொன்றைக் கண்டெடுத்தார். அதன் பகுதிகள் கல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இந்த வேலிகளின் அமைப்பை அருகே சென்று பார்த்தால் வியப்பு மிகும். நிமிர்ந்து நிற்கும் கல்லுக்கு ஸ்தம்பம் என்று பெயர். இரண்டு ஸ்தம்பங்களுக்கு இடையே குறுக்கே செல்லும் கல்லுக்கு என்ன பெயர் வைத்தார்கள்? சூசி, அதாவது ஊசி. ஸ்தம்பத்தின் பக்கத்திலே கண்ணிமை வடிவில் துளை குடைந்து, அதே வடிவில் செதுக்கிய கல்லை அதற்குள் செருகினார்கள். துணியிலே ஊசி புகுவதுபோல அது புகுந்ததனால் அதற்கு ஊசி என்று பெயர். எல்லாவற்றுக்கும் மேலே, தூண்களின் தலையை ஒருசேர இணைத்து நீண்டு கிடக்கும் கல்லுக்கோ உஷ்ணீஷம் என்று பெயர், அதாவது தலைப்பாகை! தூண் நிற்கிறது, ஊசி தைக்கிறது, தலைப்பாகை மூடுகிறது. சுண்ணாம்பும் இல்லை, ஆணியும் இல்லை. கல்லைக் கொண்டு தச்சு வேலை செய்த அந்த முறையைப் பார்க்கும்போதே, முதலில் இது மரத்தில் இருந்தது, பின்னரே கல்லுக்கு ஏறியது என்பது விளங்கிவிடும்.

அதைவிட இன்னொரு செய்தி என் மனத்தைக் கவர்ந்தது. அந்த வேலிகளை ஓர் அரசன் மட்டும் கட்டவில்லை. ஒரு தூணை ஒருவர் கொடுத்தார். ஓர் ஊசியை வேறொருவர் கொடுத்தார். கொடுத்தவர் பெயரை அந்தந்தக் கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். பிக்குணிகள் கொடுத்தார்கள், வணிகர்கள் கொடுத்தார்கள். ஊர் கூடித் தேர் இழுத்தது நம் வழக்கம். ஊர் கூடி வேலி அடைத்தது அவர்கள் வழக்கம்.

இவற்றுள்ளே நமக்கு அண்மையில் இருப்பது அமராவதி. கிருஷ்ணா நதிக்கரையில் சாதவாகனர் காலத்தில் செழித்து நின்ற அந்தத் தூபியின் கல் வேலியைப்போல் அலங்காரம் மிகுந்த வேலி பாரத தேசத்தில் வேறெங்கும் இருந்ததா என்பது ஐயமே. வேலியின் தலைப்பாகைக் கல் முழுவதும் ஒரே நீண்ட பூமாலை வளைந்து வளைந்து ஓடுகிறது. அதன் கனம் தாங்காமல் வளைந்து நின்று தோள் கொடுக்கிறார்கள் சிறிய மனிதர்கள். ஸ்தம்பங்களிலும் ஊசிகளிலும் முழுநிலாப் போன்ற தாமரை வட்டங்கள்; சில வட்டங்களுக்குள்ளே கதைகள். மதங்கொண்ட நளகிரி என்னும் யானை வீதியிலே மனிதரைத் துவைத்துக்கொண்டு வருவதையும், அதே யானை புத்தர்பிரான் திருமுன்னர் மண்டியிடுவதையும் ஒரே வட்டத்துக்குள் செதுக்கியிருக்கிறான் ஒரு சிற்பி. மேலே மாடத்திலிருந்து இந்தக் காட்சியைப் பார்க்கிறவர்களையும் அவன் மறக்கவில்லை. இதைப் பார்க்க நீங்கள் நெடுந்தூரம் போகவேண்டாம். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனால் போதும்.

அந்தக் கற்கள் அங்கே வந்த கதை துக்ககரமானது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வாசிரெட்டி வேங்கடாத்திரி நாயுடு என்ற ஜமீன்தார் தம் புதிய நகரத்தைக் கட்டுவதற்காக அந்த மேட்டிலிருந்து கல் எடுக்கத் தொடங்கினார். 1797-இல் காலின் மெக்கன்ஸி அங்கே சென்று பார்த்தார். 1845-இல் வால்டர் எலியட் தோண்டியெடுத்த கற்கள் சென்னைக்கு வந்து, பின்னர் பெரும்பகுதி கப்பலேறி இலண்டனுக்குப் போயிற்று. தூபியை இரு கைகளாலும் அணைத்துக் காத்த வேலி, தன்னைக் காத்துக்கொள்ள ஆளில்லாமல் சிதறிற்று.

அமராவதிக் கல்வெட்டுக்களில் ஒன்றை மட்டும் இந்தச் சபையில் சொல்லாமல் போக மனமில்லை. தமிளன் என்ற அடைமொழியோடு கண்ணன் என்பான் ஒருவன், தன் தம்பியும் தங்கையும் உடன்சேர, அந்தத் தூபிக்கு ஒரு கல் கொடுத்திருக்கிறான். அயல்நாட்டில் இருந்தபோதும் தன்னைத் தமிழன் என்று கல்லிலே எழுதி வைத்த அந்தக் குடும்பத்தை நினைக்கும்போது நமக்கு ஒரு பெருமிதம் உண்டாகிறது அல்லவா?

வேதிகை நம் கோயிலுக்குள்ளும் வந்தது. ஆனால் வேலியாக வரவில்லை; விமானத்தின் கழுத்துக்குக் கீழே ஓடும் ஓர் அணியாக வந்தது. ஒரு காலத்தில் மாடத்து விளிம்பில் நின்ற தடுப்பு, கல் கட்டடத்தில் தடுப்பாக நிற்கும் தொழிலை விட்டு, வரியாக ஒட்டிக்கொண்டது. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் பட்டத்தை விடாதவர்கள் உண்டல்லவா, அதுபோல வேதிகை தொழிலை விட்டும் பெயரை விடவில்லை.

தொழிலையும் விடாமல் அழகையும் விடாமல் நின்றது கோயில் படிகளின் பிடிச்சுவர். யாளியின் வாயிலிருந்து புறப்படும் துதிக்கை, படிகளோடு படியாகச் சரிந்து இறங்கி, அடிப்படியின் அருகே சுருண்டு முடிகிறது. ஸ்தபதிகள் இதை ஹஸ்திஹஸ்தம், அதாவது யானையின் கை, என்பார்கள். ஏறுகிறவனுக்குத் தன் கையைக் கொடுப்பது யானை! தாராசுரத்திலே இரண்டாம் இராஜராஜன் எடுப்பித்த ஐராவதேசுவரர் ஆலயத்து முன்மண்டபத்திலோ, சிற்பி படியின் பக்கத்தைத் தேராகவே ஆக்கி, சக்கரத்தை மாட்டி, குதிரையைப் பூட்டிவிட்டான். 1200-க்கு மேற்பட்ட படிகளை ஏறி அர்த்தநாரீசுவரரைத் தரிசிக்கும் ஊர்க்காரர்களாகிய உங்களுக்கு, பிடித்துக்கொள்ள ஒன்று இருப்பதன் அருமையை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஐரோப்பிய தேசத்தில் இதே காரியத்துக்கு மிகப் புகழ்பெற்ற பெயர் 'பாலஸ்டிரேட்'. வயிறு பருத்து வாய் குறுகிய குட்டைத் தூண்களை வரிசையாக நிறுத்தி மேலே கட்டை சூட்டிய தடுப்பு அது. நம் ஊர்களிலும் சிமெண்டில் வார்த்து மெத்தை வீடுகளில் வைத்திருக்கிறோம். அந்தப் பெயரின் பிறப்பு என்ன? 'பலாஸ்தியோன்' என்றால் கிரேக்க மொழியில் காட்டு மாதுளையின் பூ. தியோஸ்கோரிதெஸ் என்ற பழைய வைத்தியர் தம் மருந்து நூலில் அந்தப் பூவைக் கூறியிருக்கிறார். வீட்டுக் கொல்லையில் மாதுளை இருப்பவர்கள் நாளைக் காலையில் பாருங்கள்: பாதி விரிந்த மொக்கு அடியில் குடம்போல் பருத்து, கழுத்தில் சிறுத்து, வாயில் மறுபடியும் விரிந்திருக்கும். அந்த வடிவைக் கடைசல் பட்டறையில் மரத்தில் கடைந்தார்கள், கல்லிலும் வடித்தார்கள். இத்தாலிய தேசத்துச் சிற்பிகள் பதினைந்தாம் நூற்றாண்டில் அதைக் கையாளத் தொடங்கினார்கள். மெதிச்சி குடும்பத்தாருக்காக ஜூலியானோ த சங்கால்லோ கட்டிய மாளிகையிலே, மேல்தளத்து விளிம்பிலும் படியிலும் அது வந்தது. முதலில் இரண்டு குடங்களை அடிக்கு அடி பொருத்தியதுபோல் மேலும் கீழும் ஒத்த வடிவம் வழங்கிற்று. பிறகே ஒற்றைக் குடமாக, கீழே கனத்து மேலே மெலிந்த வடிவம் வந்தது. நிற்பதற்கு உறுதியும் பார்ப்பதற்கு அழகும் பின்னதற்கே அதிகம் என்பது என் எண்ணம்.

இலண்டனிலே புனித பவுல் ஆலயத்தைக் கட்டிய கிறிஸ்டபர் ரென் தம் முதுமையில் இந்தத் தடுப்போடு ஒரு சண்டை போட்டார். 1717-இல், கட்டடக் குழுவார் ஆலயத்தின் உச்சிச் சுவர்மேல் இந்தக் குட்டைத் தூண் வரிசையை வைத்தே தீரவேண்டும் என்றார்கள். ரென்னுக்கு அது பிடிக்கவில்லை. ஓரம் கட்டினால்தான் எதுவும் அழகு என்பது சீமாட்டிகளின் நினைப்பு என்று கசப்போடு எழுதினார். ஆனாலும் குழுவார்தாம் வென்றார்கள். பெரிய மேதைதான் அவர். ஆயினும், கரையில்லாத சேலையை நெய்து விற்க முடியுமா என்று இந்த ஊரின் நெசவாளர் யாரையாவது அவர் கேட்டிருந்தால் அப்படி எழுதியிருக்கமாட்டார்!

நிற்க. இனி நம் காலத்துக்கு வருவோம். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் இரும்பை உருக்கி அச்சில் வார்க்கும் தொழில் ஐரோப்பாவில் ஓங்கிற்று. கிளாஸ்கோ நகரத்து மக்ஃபர்லேன் வார்ப்படசாலை போன்றவை பூவேலை செய்த கிராதிகளைப் படம் போட்ட விலைப்பட்டியலோடு உலகமெங்கும் விற்றன. செட்டிநாட்டு மாளிகைகளில் பர்மாத் தேக்கோடும் இத்தாலியச் சலவைக்கல்லோடும் சீமை இரும்புக் கிராதியும் வந்து சேர்ந்தது. வார்ப்பிரும்பு மங்கி, வெல்டிங் பட்டறை எழுந்தது. திருச்செங்கோட்டுக்காரர்களுக்கு வெல்டிங் பட்டறையைப் பற்றி யார் கற்பிக்க முடியும்? ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் வண்டியை நாடெங்கும் ஓட்டுகிற ஊர் இது. அதே பட்டறைகளிலே வீட்டுக்கு வீடு செய்து கொடுக்கிறார்கள் கிரில் கதவு, கிரில் ஜன்னல்.

கிரில்! அந்தச் சொல்லைச் சற்று நிறுத்திப் பாருங்கள். அது யாருடைய பிள்ளை? படலைக் குறித்த ரோமானியச் சொல்லுக்குச் சிறுமைப் பொருள் காட்டும் விகுதி சேர்த்து, சின்னப் படல் என்ற பொருளில் 'கிராத்திகுலா' என்றார்கள். அது பிரெஞ்சு தேசத்து வழியே ஆங்கிலத்துக்குப் போய், ஆங்கிலேயன் வழியே நமக்குக் கிரில் ஆக வந்தது. கிராதியும் கிரில்லும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்! அக்காள் நானூறு ஆண்டுக்கு முன் போர்த்துக்கீசியக் கப்பலில் வந்தாள். தங்கை பின்னால் ஆங்கிலக் கப்பலில் வந்தாள். அக்காளை நாம் மறந்துவிட்டோம், தங்கையைக் கொண்டாடுகிறோம்.

கிராதி அயற்சொல், அதை விலக்கவேண்டும் என்று வாதிக்கும் நண்பர்களுக்கு நான் பணிவோடு சொல்லும் மறுமொழி இதுதான்: விலக்குங்கள்; விலக்கிவிட்டு எதைச் சொல்லப் போகிறீர்கள்? அளி என்று சொல்வதானால் இரு கை கூப்பி வரவேற்கிறேன். ஆனால் நடப்பது அதுவா? கிராதியை விலக்கியவன் வாயில் கிரில் வருகிறது; கைப்பிடியை விலக்கியவன் வாயில் ஹேண்ட்ரெயில் வருகிறது. நானூறு ஆண்டுகள் நம் திண்ணையில் உட்கார்ந்து, நம் ஆசாரிகளின் வியர்வையில் நனைந்து, தமிழ் இலக்கணத்துக்கு அடங்கி வேற்றுமை உருபு ஏற்ற சொல்லைத் துரத்திவிட்டு, நேற்று வந்ததை நடுவீட்டில் வைப்பது மொழிப் பற்று ஆகாது. அளி நம்முடையது, வழங்குவோம். கிராதியும் நம்முடையதாகிவிட்டது, அதையும் வழங்குவோம்.

சொல்லைக் காப்பதற்குப் பொருளையும் காக்கவேண்டும். இன்று பழைய வீடுகள் நாள்தோறும் இடிபடுகின்றன. இடிப்பதைத் தவறென்று நான் சொல்லவில்லை. குடும்பம் பெருகினால் வீடும் மாறத்தான் வேண்டும். ஆனால் தேக்கிலே கடைசல் பிடித்த திண்ணைக் கிராதியும், பூ வார்த்த மாடிக் கிராதியும், நிறுவைக் கணக்கில் பழைய இரும்புக் கடைக்கும் விறகுக் கடைக்கும் போகின்றன. அவற்றின் இடத்தில் எல்லா ஊரிலும் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி எவர்சில்வர் குழாய் நிற்கிறது. துருப்பிடிக்காது, துடைக்க எளிது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைச் செய்தவன் கை அதில் எங்கே இருக்கிறது?

ஆகையால் இந்த ஊர்ப் பெருமக்களிடம் ஒரு விண்ணப்பம் செய்துகொண்டு அமர்கிறேன். உங்கள் பாட்டனார் வீட்டை இடிக்குமுன், அதன் கிராதியை ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். வயது முதிர்ந்த ஆசாரி ஒருவரை அழைத்து வந்து, அதன் மேற்கட்டைக்கு என்ன பெயர், நிற்கும் கட்டைக்கு என்ன பெயர், அந்த முடிச்சுக்கும் பூவுக்கும் என்ன பெயர் என்று கேட்டு, அவர் சொன்னபடியே, திருத்தாமல், எழுதிக்கொள்ளுங்கள். புகைப்படத்தையும் குறிப்பையும் உள்ளூர் நூலகத்தில் ஒரு பிரதி கொடுங்கள். கல்லூரிகளில் தமிழ் பயிலும் மாணவர்கள் இதை ஒரு கோடை விடுமுறை வேலையாக எடுத்துக்கொண்டால், கட்டடத் தொழிற்சொற்களுக்கு இந்த வட்டாரத்துக்கென்று ஓர் அகராதியே உண்டாகும். சொல்லத் தெரிந்த ஆசாரிகள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் இந்த ஆண்டே போய்க் கேளுங்கள்.